தொடக்கம்: இல்லை

வால்வுக்காரர் செத்துப்போனது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. மூன்று தெருக்களுக்குத் தண்ணீர் திறந்துவிடுவது அவர் வேலை. முப்பத்து நான்கு வருஷமாக, மழையோ காய்ச்சலோ, ஐந்தரைக்கு நீளமான இரும்புச் சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு போய், தெருமுனைக் குழிக்குள் குனிந்து வால்வைத் திருகுவார். அன்றைக்கும் திருகினார். எல்லா வீட்டுக் குழாயிலும் தண்ணீர் வந்துவிட்டது. அவர்தான் நிமிரவில்லை. வாளியோடு வெளியே வந்தவர்கள் தூக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். டாக்டர் பார்த்துவிட்டு, இதயம் நின்றுவிட்டது என்று ஒரு சீட்டில் எழுதினார். உடம்பைப் பிணவறையில் ஏழாம் நம்பர் பெட்டியில் வைத்தார்கள்.

அவருக்கு ஒரே மகள். சட்டைத் தொழிற்சாலையில் காஜா எடுக்கிறவள். பித்தான் நுழைகிற ஓட்டையை வெட்டி, ஓரம் பிசிறாமல் நூல் கட்டுகிற வேலை. நாற்பது வயதுவரை அவள் எந்த அலுவலகத்தோடும் வாக்குவாதம் செய்ததில்லை. பெட்டியிலிருந்து அப்பாவை வெளியே எடுத்து அடக்கம் செய்ய இறப்புச் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். சரி, அரைநாள் வேலை என்று நினைத்து, அரைநாள் லீவுக்கு மட்டும் சொல்லிவிட்டுப் பதிவு அலுவலகத்துக்குப் போனாள்.

ஜன்னலுக்குப் பின்னால் இருந்த குமாஸ்தா பழைய பதிவேட்டை எடுத்து விரித்தார். அதில் மூன்றே கட்டங்கள்: பெயர், தொடக்கம், முடிவு. முன்பெல்லாம் பிறப்பு, இறப்பு என்றுதான் இருந்தது. அதெல்லாம் வீட்டில் பேசுகிற வார்த்தை, அலுவலகத்துக்கு ஆகாது என்று யாரோ ஒரு பெரிய அதிகாரி மாற்றிவிட்டார்.

குமாஸ்தா விரலை ஓட்டிக்கொண்டே வந்து ஒரு வரியில் நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"ஏம்மா, உங்க அப்பாவுக்குத் தொடக்கம் இல்லைன்னு போட்டிருக்கே."

"அப்பா காப்பகத்துல வளர்ந்தவருங்க. யாரோ அட்டைப்பெட்டியில வெச்சு வாசல்ல விட்டுட்டுப் போயிட்டாங்க. பிறந்த தேதி தெரியாது."

"தெரியாதுங்கறது வேற, இல்லைங்கறது வேற. தெரியாதுன்னு எழுதியிருந்தா நான் இப்பவே முத்திரை குத்திக் குடுத்துடுவேன். இல்லைன்னு எழுதியிருக்கு. அது எங்க இலாகா இல்ல."

"பின்ன யார் இலாகா?"

குமாஸ்தா முதலில் கூரையைப் பார்த்தார். பிறகு ஜன்னல் வழியாக எதிர்க் கட்டடத்தைப் பார்த்தார். "தொடக்கம் இல்லாதவங்க கேஸெல்லாம் நித்திய வாரியத்துக்குப் போகணும்."

"அப்படி நிறையப் பேர் இருக்காங்களா?"

"இதுவரைக்கும் ஒருத்தர்தான்." அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "கடவுள். அவர் கேஸே இன்னும் முடியலை."

நித்திய வாரியத்தைப் பற்றி அவளுக்கும் கொஞ்சம் தெரியும். கடவுள் என்றென்றும் இருந்தாரா, காலத்தையும் அவரே படைத்தார் என்றால் படைப்பதற்கு முந்தின நாள் என்று ஒன்று உண்டா, அன்றைக்கு அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதையெல்லாம் விசாரித்துத் தீர்ப்புச் சொல்ல அரசாங்கம் வைத்திருந்த வாரியம் அது. தீர்ப்பு வரும்வரை யாரும் ஒன்றும் சொல்லிவிடக்கூடாது என்று பள்ளிப் புத்தகத்தில் அந்தப் பக்கத்தை வெள்ளையாக விட்டிருந்தார்கள். சின்ன வயதில் அவள் அதில் பூனை வரைந்திருக்கிறாள்.

வாரியத்தின் வாசலில் காவலாளி அவள் கைக்கடிகாரத்தைக் கழற்றச் சொன்னார்.

"காலம்னு ஒண்ணு இருக்கா இல்லையான்னே முடிவாகலைம்மா. நீங்க பாட்டுக்கு அதைக் கையில கட்டிக்கிட்டு உள்ள போனா, வாதாடற ஒரு தரப்புக்குச் சாதகமாயிடும்."

"நான் எப்போ வந்தா ஐயாவைப் பார்க்கலாம்?"

"எப்போன்னெல்லாம் இங்க கேட்கக்கூடாது."

உள்ளே சுவர்க்கடிகாரம் இல்லை, நாட்காட்டி இல்லை. வரிசை எண்ணும் இல்லை. ஒன்றுக்குப் பிறகு இரண்டு என்றால், முன் பின் என்று ஆகிவிடுமாம். காத்திருப்பவர்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள், யார் முதலில் வந்தவர் என்று தெரியாதபடிக்கு. எழுத்தர்கள் மேஜைகளுக்குப் பின்னால் காகிதங்களை அடுக்கி, கலைத்து, மறுபடி அடுக்கினார்கள். மதியச் சாப்பாட்டு நேரம் மட்டும் அவர்கள் அத்தனை பேருக்கும் ஒரே நொடியில் தெரிந்துவிட்டது. ஒருவர்கூட மிஞ்சாமல் எழுந்து போனார்கள்.

வெளியுலகக் கணக்கில் ஐந்தாம் நாள்தான் அவளைக் கூப்பிட்டார்கள்.

மேடையில் மூன்று பேர். நடுவில் தலைவர். அவருக்கு இடது பக்கம் இருந்தவரை வாரியத்தில் முன்னவர் என்பார்கள். உலகத்துக்கு முன்னால் எண்ணிலடங்காத காலம் ஓடிக்கொண்டிருந்தது, அத்தனை காலமும் கடவுள் தனியாக இருந்தார் என்பது அவர் கட்சி. வலது பக்கம் வெளியவர். கடவுள் காலத்துக்கு வெளியே இருக்கிறார், அவருக்கு நேற்றும் கிடையாது நாளையும் கிடையாது, முன்னால் என்ற சொல்லே பிழை என்பது அவர் கட்சி. இருவரும் இருபத்தாறு வருஷமாக மேடையில் ஒருவரை ஒருவர் மடையன் என்று நிரூபித்து வருகிறார்கள். வீட்டுக்குப் போகும்போது ஒரே காரில் போவார்கள்.

"அத்தனை காலம் சும்மா இருந்தவர் திடீரென்று ஒரு நாள் உலகத்தைப் படைப்பானேன்?" என்று வெளியவர் கேட்டுக்கொண்டிருந்தார். "அதற்கு முந்தின நாள் படைத்தால் என்ன? அடுத்த நாள் படைத்தால் என்ன? ஒரு நாளுக்கும் இன்னொரு நாளுக்கும் வித்தியாசமே இல்லாதபோது அவர் எப்படித் தேர்ந்தெடுத்தார்?"

"காலத்துக்கு வெளியே இருப்பவர் எதையாவது எப்போது செய்வார்?" என்றார் முன்னவர். "செய்வது என்றாலே செய்யாமல் இருந்து பிறகு செய்வதுதானே? உங்கள் கடவுளால் ஒரு துரும்பைக்கூட நகர்த்த முடியாதே!"

அவளுக்கு இரண்டு பேர் சொன்னதும் சரியாகத்தான் பட்டது. துணியில் காஜா வெட்டுவதற்கு முன்னால் அந்த ஓட்டை எங்கே இருந்தது என்று வேலை நேரத்தில் அவளும் யோசித்ததுண்டு. ஆனால் அதற்காக மிஷினை நிறுத்தியதில்லை.

தலைவர் கையை உயர்த்தினார். அவள் மனுவைப் படித்தார். படித்தவர் முகம் மெல்ல மலர்ந்தது. மற்ற இருவரிடமும் நீட்டினார். அவர்கள் முகமும் மலர்ந்தது. இத்தனை வருஷமாக வராத ஒரு சாட்சியை விசாரித்துக்கொண்டிருந்தவர்களுக்கு, கைக்கு எட்டுகிற தூரத்தில், அதுவும் பெட்டிக்குள், தொடக்கம் இல்லாத இன்னொருவர் கிடைத்திருந்தார்.

"அம்மா, இவருக்கு முடிவு வந்துட்டதா அறிவிக்கணும்னு கேட்டிருக்கீங்க."

"ஆமாங்கய்யா. செத்துப்போயிட்டாரு."

"தொடக்கம் இல்லாத ஒண்ணுக்கு முடிவு எப்படிம்மா வரும்?"

அவள் ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்து நீட்டினாள். "டாக்டர் எழுதிக் குடுத்திருக்காருங்க."

"டாக்டருக்கு உடம்பைப் பத்தித் தெரியும். நித்தியத்தைப் பத்தி அவருக்கு என்ன தெரியும்?"

"ஐயா, அடக்கம் பண்ணணும். அம்மா வீட்ல ஒரு வாய் சாப்பிடாம உட்கார்ந்திருக்காங்க. கொஞ்சம் சீக்கிரம்..."

சீக்கிரம் என்ற சொல்லைக் கேட்டு எழுத்தர் ஒருவர் பேனாவைக் கீழே போட்டுவிட்டார். தலைவர் பெரிய மனது பண்ணிப் புன்னகைத்தார்.

"உங்க அவசரம் எனக்குப் புரியுது. இந்த வாரியம் எப்போ தொடங்கினதுன்னு தெரியுமா உங்களுக்கு? எங்களுக்கும் தெரியாது. ஆரம்பிச்ச ஆணையைத் தேடித்தேடிப் பார்த்தாச்சு, கிடைக்கலை. ஆக, எங்களுக்கும் தொடக்கம் இல்லை. மூணு அரசாங்கம் எங்களைக் கலைக்கப் பார்த்துச்சு. தொடக்கமே இல்லாததை எப்படிக் கலைப்பீங்கன்னு கேட்டோம். பதில் இல்லை. அவங்க எல்லாம் போயிட்டாங்க, நாங்க இருக்கோம். சில பேர் கேட்கறாங்க, ஏன் இன்னும் தீர்ப்புச் சொல்லலைன்னு. இந்தக் கட்டடத்துல நானூத்திப் பத்துப் பேர் இருக்காங்கம்மா. தீர்ப்புச் சொல்லிட்டா அடுத்த நாள் காலையில இவங்க எங்க போய் உட்காருவாங்க? கடவுள் அவசரப்படறாரா? இல்லையே. அவரே சும்மா இருக்கும்போது உங்க அப்பாவுக்கு என்ன?"

எழுத்தர்கள் கைதட்டினார்கள். விசாரணை தள்ளிவைக்கப்பட்டது. எதுவரைக்கும் என்று சொல்லவில்லை.

வீட்டில் அம்மா அப்பாவின் காக்கிச் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். துவைத்துத் தேய்த்தாகிவிட்டது. போட்டுவிட ஆள் வரவேண்டியதுதான் பாக்கி.

"என்னடி சொன்னாங்க?"

"அப்பாவுக்குப் பிறந்த தேதி இல்லையாம்மா. அதனால சாக முடியாதாம்."

அம்மா மடியில் இருந்த சட்டையைப் பார்த்தாள். "அந்த மனுஷனுக்கும் அது ஒரு குறைதான். ஊர்ல எல்லாருக்கும் பிறந்தநாள் வருது, எனக்கு மட்டும் வரலையேன்னு சொல்வாரு. தேதி இல்லைன்னா நல்லதாப் போச்சு, நினைச்ச அன்னிக்கு வெச்சுக்கலாம்னு நான் சொல்வேன். வெச்சுக்கலாம் வெச்சுக்கலாம்னே இருந்துட்டோம். ஒரு தடவைகூட வைக்கலைடி." பிறகு சட்டையின் மடிப்பை நீவிவிட்டு, "ஏதாவது ஒரு தேதியை எழுதிக் குடேன். யாருக்குத் தெரியப்போகுது?" என்றாள்.

அது நல்ல யோசனையாகத்தான் இருந்தது. காப்பகம் எப்போதோ கொடுத்த பழைய சீட்டில் குழந்தையைச் சேர்த்துக்கொண்ட தேதி இருந்தது. அதற்குப் பத்து நாள் முன்னால் ஒரு தேதியை எழுதி, கையெழுத்துப் போட்டு, அடுத்த முறை அழைத்தபோது கொண்டுபோய்க் கொடுத்தாள்.

முன்னவர் அதைப் படித்துவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார்.

"இந்தத் தேதியை யார் குடுத்தது?"

"நான்தாங்க."

"தொடக்கம் இல்லாத ஒருத்தருக்கு நீங்க தொடக்கம் குடுத்திருக்கீங்க. தொடக்கத்தைக் குடுக்கறது யாரு? படைச்சவர். அப்போ உங்க அப்பாவைப் படைச்சது நீங்களா?"

"ஐயோ, இல்லைங்க. அவர்தான் எனக்கு அப்பா."

"அவருக்கு முன்னாடியே நீங்க இருந்தீங்களா?"

"இல்லைங்கய்யா."

"அவருக்கு முன்னாடி இல்லாதவங்க அவரோட தொடக்கத்தை எப்படிப் பார்த்தீங்க?"

வெளியவர் முதல்தடவையாக முன்னவரோடு ஒத்துப்போனார். கடவுளைத் தவிர வேறொருவர் படைத்ததாக எழுத்து மூலம் கோருவது கடுமையான குற்றம், ஆனாலும் துக்கத்தில் இருக்கிற பெண் என்பதால் எச்சரித்து விடுகிறோம் என்று பதிவு செய்தார்கள். தேதி எழுதிய தாளைக் கிழித்துப் போடவில்லை. படைப்பு முயற்சி என்று எழுதிக் கோப்பில் சேர்த்துக்கொண்டார்கள்.

இதற்குள் இருபத்து மூன்று நாள் ஆகிவிட்டது. தொழிற்சாலையில் மேற்பார்வையாளர், "அப்பா செத்ததுக்கு எத்தனை நாள்தாம்மா லீவு?" என்று கேட்டார். இன்னும் சாகவில்லையாம் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

இருபத்தைந்தாம் நாள் வாரியம் நேரில் பார்வையிட வந்தது. பிணவறையைக் கவனித்துக்கொண்டவர் வயதானவர். எல்லாரும் பெட்டிக்காரர் என்று கூப்பிடுவார்கள். அவளைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்வார். அவர்தான் ஏழாம் பெட்டியை இழுத்தார். தலைவரும் மற்ற இருவரும் கம்பளி போர்த்திக்கொண்டு சுற்றி நின்றார்கள். அவள் தள்ளி நின்றாள். அப்பாவின் கால் விரல் மட்டும் தெரிந்தது. வலது பெருவிரல் நகத்தில் எப்போதோ வால்வுச் சாவி விழுந்த கறுப்பு இன்னும் இருந்தது.

"அசையவே இல்லை," என்று முன்னவர் மெதுவாகச் சொன்னார். "எல்லாவற்றையும் அசைப்பது எதுவோ, அது மட்டும் அசையாது. குறித்துக்கொள்ளுங்கள்."

"பசியில்லை, தாகமில்லை, வலியில்லை," என்றார் வெளியவர். "எந்த மாற்றமும் இல்லை. மாற்றம் இல்லாத இடத்தில் காலம் இல்லை. இவர் காலத்துக்கு வெளியேதான் இருக்கிறார்."

"ஐயா," என்றார் பெட்டிக்காரர், "இங்க இருக்கற எல்லாருமே அப்படித்தாங்கய்யா இருப்பாங்க. வேணும்னா எட்டாம் நம்பரையும் இழுத்துக் காட்டட்டுமா?"

"அவங்களுக்குத் தொடக்கம் உண்டு. இவரோட சேர்த்துப் பேசாதீங்க," என்று தலைவர் கண்டித்தார்.

அவர்கள் போன பிறகு பெட்டிக்காரர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். "தங்கச்சி, நாற்பது நாள்தான் வெச்சிருக்க முடியும். அதுக்கு மேல பேப்பர் இல்லாதவங்களை லாரியில ஏத்திருவாங்க. அந்த ஆளுங்ககிட்ட ஒரு கடுதாசி வாங்கிட்டு வந்துடு, கேஸ் நடக்குது, உடம்பைத் தொடாதீங்கன்னு. அது போதும்."

அவள் அன்றைக்கே கேட்டாள். ஆச்சரியம், மறுநாளே கொடுத்துவிட்டார்கள். நல்ல கெட்டித் தாள், மூன்று கையெழுத்து, சிவப்பு முத்திரை. அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக் கண்காணிப்பாளர் அறைக்குப் போனாள். அவர் மேலும் கீழும் பார்த்தார்.

"தேதி எங்க?"

"முத்திரை இருக்குதுங்களே."

"முத்திரை யாருக்கு வேணும்? தேதி இல்லாத கடிதத்தை நான் எந்தக் கோப்புல சேர்க்கறது? எந்த நாள்லேர்ந்து எந்த நாள் வரைக்கும் வெச்சிருக்கச் சொல்றாங்க?"

அவள் வாரியத்துக்கு ஓடினாள். அங்கே எழுத்தர் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"தேதி போட்டா, காலம் இருக்குன்னு வாரியமே ஒத்துக்கிட்டதா ஆயிடும்மா. இத்தனை வருஷ விசாரணையை உங்களுக்காகக் கலைக்க முடியுமா?"

"இத்தனை வருஷம்னு சொல்றீங்களே, அது மட்டும் காலம் இல்லையா?"

எழுத்தர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "அதைச் சத்தமாச் சொல்லாதீங்க," என்றார்.

அதற்குப் பிறகு பன்னிரண்டு நாள் அவள் ஆஸ்பத்திரிக்கும் வாரியத்துக்கும் நடுவில் நடந்தாள். ஒரு நாள் துணிந்து தானே பேனாவால் தேதியை எழுதினாள். மை வேறு நிறம் என்று கண்காணிப்பாளர் கண்டுபிடித்து, போலி என்று குறுக்கே கோடு போட்டுத் திருப்பிக் கொடுத்தார். கோடு போட்ட கடிதத்துக்குப் பதில் புதுக் கடிதம் கேட்டபோது, முதல் கடிதத்துக்குப் பிறகு இரண்டாம் கடிதம் என்பது வாரியத்தில் வழக்கமில்லை என்றார்கள்.

நாற்பத்தோராம் நாள் காலையில் அவள் போனபோது ஏழாம் பெட்டியில் யாரோ ஒரு பெண் இருந்தாள். பெட்டிக்காரர் எப்போதும்போல ஸ்டூலை இழுத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை.

"நேத்து வந்தாங்க தங்கச்சி. ஒன்பது பேரை ஏத்துனாங்க. நான் ஏழாம் நம்பரை மட்டும் விட்டுட்டுப் போங்கன்னு சொன்னேன். பேப்பரைக் காட்டுன்னாங்க."

"எங்க கொண்டுபோனாங்கண்ணே?"

"ஊருக்கு வெளிய. பெரிய குழியா வெட்டி வெச்சிருப்பாங்க, ஒரே இடமா இருக்காது. எந்தக் குழின்னு எழுதி வைக்கறதில்லை."

"சட்டை கொண்டுவந்திருந்தேனே," என்றாள் அவள். அப்போதுதான் கையில் பை இருப்பதே அவளுக்குத் தெரிந்தது போலப் பார்த்தாள். பெட்டிக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, கழுவின தரையை மறுபடி கழுவினார்.

அங்கிருந்து நேராக வாரியத்துக்குத்தான் போனாள். திட்டவேண்டும் என்று வழியெல்லாம் வார்த்தை சேர்த்துக்கொண்டு போனாள். உள்ளே போனதும் ஒன்றுகூட வரவில்லை. "அப்பா அங்க இல்லைங்க," என்று மட்டும் சொன்னாள். "எங்க இருக்காருன்னே தெரியலை."

தலைவர் அதைக் கோப்பில் எழுதச் சொன்னார். பிறகு வெளியவர் கண்களில் நீர் ததும்ப எழுந்தார். "உடம்பும் போய்விட்டது. இப்போது அவருக்கு உருவம் இல்லை. இடம் இல்லை. இந்த இடத்தில் இருக்கிறார் என்று யாராலும் விரல் நீட்டிக் காட்ட முடியாது. இதைவிட வேறென்ன சான்று வேண்டும்?"

"நான் மறுக்கிறேன்," என்றார் முன்னவர். "எங்கும் காண முடியவில்லை என்றால் எங்கும் இருக்கிறார் என்றுதான் அர்த்தம்."

"கேஸ் ரொம்ப வலுவாயிடுச்சும்மா," என்று தலைவர் அவளைப் பார்த்து உருக்கமாகச் சொன்னார். "உங்களுக்குத்தான் நாங்க நன்றி சொல்லணும்."

அவள் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். மறைத்து என்ன ஆகப்போகிறது? அம்மா அழவில்லை. சட்டையை வாங்கித் துணிப்பெட்டிக்குள் வைத்தாள். இரண்டு நாள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். தெருவில் யாரும் விசாரிக்க வரவில்லை. புது வால்வுக்காரர் வந்துவிட்டார். அப்பாவின் பெயரை நகராட்சி வேலைக்காரர் பட்டியலிலிருந்து அடித்துவிட்டார்கள். சான்றிதழ் இல்லாததால் செத்தவர் பட்டியலிலும் ஏற்றவில்லை. காப்பகம் எப்போதோ இடிக்கப்பட்டிருந்தது. மூன்றாம் நாள் சாயங்காலம் அம்மா எழுந்து தலையை வாரிக்கொண்டு, "என்னையும் ஒரு தடவை அங்க கூட்டிட்டுப் போடி," என்றாள்.

அதிலிருந்து இருவரும் வாரத்தில் இரண்டு நாள் போனார்கள். மகள் ஷிஃப்ட் முடிந்து, விரலில் நூல் ஒட்டியிருக்க, நேராக வருவாள். பார்வையாளர் பகுதியில் கடைசி பெஞ்சு. வால்வுக்காரர் வழக்கு என்றால் இப்போது கூட்டம் வந்தது. வெளியூர் அறிஞர்கள் வந்து பேசினார்கள். ஒருவர் எழுந்து, வால்வுக்காரர் இருக்கிறார் என்பார். இன்னொருவர் எழுந்து, இருக்கிறார் என்பதில் ஐயமில்லை, எவ்விதம் இருக்கிறார் என்பதே கேள்வி என்பார். அம்மா, எந்த நேரமும் எழுந்து போகச் சொல்லிவிடுவார்கள் என்பதுபோலக் கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு, ஒவ்வொருவர் வாயையும் பார்த்துக்கொண்டிருப்பாள். இத்தனை பெரிய ஊரில் அவள் புருஷனை இருக்கிறார் என்று சொல்ல வேறு ஆள் கிடையாது.

ஒவ்வொரு விசாரணையின் முடிவிலும் தலைவர் விதிப்படி மனுதாரரைக் கேட்பார். கேட்கும்போது மகள் எழுந்து நிற்பாள்.

"இவருக்கு முடிவு வந்துவிட்டதாக அறிவிக்கவேண்டும் என்பது உங்கள் மனு. அதைத் திரும்பப் பெற்றால் வழக்கு இத்துடன் மூடப்படும். திரும்பப் பெறுகிறீர்களா?"

"இல்லைங்கய்யா. நடத்துங்க."

அன்றைக்கும் அப்படித்தான் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். மேடையில் கோப்புகளை மாற்றி அடுக்கினார்கள். யாரோ தொண்டையைக் கனைத்துக்கொண்டு பேச எழுந்தார். அம்மா அவள் பக்கம் சாய்ந்தாள்.

"இவங்க இதை எப்போடி முடிப்பாங்க?"

"முடிக்க மாட்டாங்கம்மா."

அம்மா தலையாட்டினாள். இத்தனை நேரம் மடியில் இறுக்கிப் பிடித்திருந்த பையை எடுத்து, காலடியில் தரையில் வைத்தாள்.